பல் மருத்துவரின் நட்சத்திர மீன்கள்

பல் மருத்துவர் காலையில் வந்து தம் மருத்துவமனையைத் திறந்ததும் விளக்கைப் போடமாட்டார். நெற்றியில் கட்டிக்கொள்ளும் சிறு விளக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு, காத்திருப்போர் அறையின் சுவரில் பதித்திருந்த உப்புநீர்த் தொட்டியின் முன்னால் குனிந்து நிற்பார். முந்தைய இரவில் நட்சத்திர மீன்கள் இரண்டும் எங்கே நகர்ந்து போயிருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மற்ற விளக்குகள் எரியும். முதல் நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கும்போது, ஊர்ச் செய்தி சொல்வதைப் போலச் சொல்வார்.

"பெரியவன் இன்னிக்குக் கண்ணாடி மேல ஏறி உக்காந்திருக்கான். சின்னவன் பாறைக்கு அடியில. ராத்திரி ரெண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் போல."

வாயில் பஞ்சு இருப்பதால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

மீன் என்று பெயர்தானே ஒழிய, அவை மீன்கள் அல்ல. செதில் இல்லை, துடுப்பு இல்லை, நீந்தவும் தெரியாது. நீல நிறத்தில் ஐந்து கைகள். ஒவ்வொரு கையின் அடியிலும் நூல் நூலாகக் குழாய்க் கால்கள். தங்களைச் சுற்றியிருக்கும் உப்புநீரையே உடம்புக்குள் வாங்கி, அந்த நீரின் அழுத்தத்தால்தான் அவை நடக்கின்றன. ஆகவே தண்ணீரில் எது இருக்கிறதோ அது அவற்றின் உடம்பிலும் இருக்கும். நல்லதானாலும் கெட்டதானாலும் தடுத்து நிறுத்தக் கதவு கிடையாது.

அழுகிற குழந்தைகளை மருத்துவர் அந்தத் தொட்டியின் அருகில் நிறுத்திக் கதை சொல்வார். எல்லாம் விலங்குக் கதைகள். எல்லாக் கதையிலும் யாராவது ஒருவருக்குப் பல்வலி வந்துவிடும். நரிக்குப் பல்வலி வந்தால் கோழி பிழைக்கும். முதலைக்குப் பல்வலி வந்தால் குரங்கு பிழைக்கும். கதை முடிவதற்குள் பல்லும் கையோடு வந்திருக்கும்.

கைநடுக்கம் முதலில் இடக்கையில் தொடங்கியது. அதை அவர் மேலங்கியின் பைக்குள் ஒளித்துவைத்தார். பிறகு அது வலக்கைக்கும் வந்தது. ஒருநாள் கருவியின் முனை ஒரு தையல்காரரின் உதட்டைக் கீறிவிட்டது.

"விடுங்க டாக்டர், நானும் தினம் விரல்ல குத்திக்கிறவன்தான்" என்று அவர் சிரித்தார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. அன்று மாலையே வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்.

கட்டடத்தைத் துணிக்கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. மழைக்காலம் முடியும்வரை சாவி மருத்துவரிடமே இருக்கும்; அதன்பிறகு சுவரை இடித்துவிடுவார்கள். தொட்டி சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டது, பெயர்த்தால் உடையும். நட்சத்திர மீன்களை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் வீட்டில் வேறொரு தொட்டி வேண்டும். அதுவும் புதுத் தொட்டியாக இருக்கக் கூடாது. பாறைகளின் மேலும் கண்ணாடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மென்படலம் படியவேண்டும். அதைத்தான் அவை தின்னும். அது படிவதற்கு மாதங்கள் ஆகும்.

"யார்கிட்டயாவது குடுத்துடுங்களேன்" என்றார் அவருடைய மனைவி. "வீட்ல நீங்க தண்ணி குடிச்சாலே பாதி சட்டைக்குத்தான் போகுது. இதுல உப்புத் தண்ணி வேறயா?"

"இந்தக் கையால இன்னும் ஒரே ஒரு வேலை. ரெண்டையும் உயிரோட கொண்டுவந்து வீட்டுத் தண்ணில விட்டுடறேன். அதைச் சரியா செஞ்சு முடிச்சிட்டா, அப்புறம் இந்தக் கை எப்படி வேணா ஆடட்டும். நான் கேக்கவே மாட்டேன்."

அம்மையார் எழுந்தார். கூடத்திலிருந்த சோபாவைத் தாமே நகர்த்தித் தொட்டிக்கு இடம் செய்து கொடுத்தார்.

அம்மையாரின் தம்பி பிளம்பர். ஊரில் பாதி வீடுகளின் தண்ணீர் அவர் பூட்டிய குழாய்களில்தான் வந்தது. அத்தானின் தொட்டிக்குக் குழாய் வேலையைத் தாமே செய்வதாக வந்தார். தொட்டியின் கீழே மர அலமாரி. அதற்குள் வடிகட்டியும் பம்ப்பும். அங்கிருந்து தண்ணீர் மேலே ஏறித் திரும்பவும் தொட்டிக்குள் விழவேண்டும்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு. தண்ணி படற எடத்துல உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் பிளாஸ்டிக்" என்றார் மருத்துவர்.

"பிளாஸ்டிக் வால்வெல்லாம் ஒரு வால்வா அத்தான்? ரெண்டு திருகு கூடத் திருகினா உயிரை விட்டுடும். நான் பிளாஸ்டிக் வால்வு பூட்டறதப் பாத்தா என் கூட வேலை செய்யறவன் எவனும் என்னை மதிக்க மாட்டான்."

"நீ வால்வு பூட்டறத அலமாரிக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா?"

"அதுவும் சரிதான்" என்று மைத்துனர் சிரித்துக்கொண்டே குனிந்தார்.

மருத்துவர் உப்பு வாங்கப் போயிருந்தபோது அந்த வால்வு சொன்னபடியே உயிரை விட்டது. மைத்துனர் வழக்கமான வேகத்தில் இன்னொரு திருகு திருகினார், அது விரிசல் விட்டது. அன்று குழாய்ச் சாமான் கடைகளுக்கு விடுமுறை. அவருடைய பையில் நல்ல கனமான பித்தளை வால்வு ஒன்று இருந்தது. அத்தான் துருவுக்குத்தான் பயப்படுகிறார் என்று அவர் நினைத்தார். பித்தளை துருப்பிடிக்காது என்பது அவர் தொழிலில் யாருக்கும் தெரிந்தது. ஆகவே அதைப் பூட்டினார். ஆனாலும் மனத்தில் எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். வெள்ளை டேப்பை அதன்மேல் கனமாகச் சுற்றி, பிளாஸ்டிக் போலவே தெரியும்படி செய்துவிட்டார்.

மழைக்காலம் முழுவதும் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. பாறைகளில் பழுப்புப் படிந்தது. மருத்துவர் இரண்டு சிறிய மீன்களை வாங்கி விட்டார். அவை கொழுத்து, தங்கள் நிழலைப் பார்த்தே சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தன. தொட்டி தயாராகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

முதலில் பெரியவனைக் கொண்டுவருவது என்றும், அவன் நிலைத்த பிறகு சின்னவனை அழைப்பது என்றும் மருத்துவர் முடிவு செய்தார். அந்தக் காலைப்பொழுது முழுவதும் மருத்துவமனைத் தொட்டிக்குள் ஓர் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர மீனைப் பிடுங்கி எடுக்கக் கூடாது, கால்கள் அறுந்துவிடும். அதுவாக நடந்து டப்பாவுக்குள் வரவேண்டும். பெரியவன் அவசரப்படுகிற ஆள் அல்ல. ஒரு கையை வைத்தான், யோசித்தான், எடுத்துக்கொண்டான். மருத்துவரின் மனைவி பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பழைய வாரப்பத்திரிகை ஒன்றைப் படித்து முடித்துவிட்டார்.

"உங்க பெரிய பிள்ளை, மாப்பிள்ளை அழைப்புக்கு வர்றவன் மாதிரி முறுக்கிக்கறான்" என்றார்.

கடைசியில் அவன் வந்தான். மருத்துவர் டப்பாவைத் தண்ணீருக்குள் வைத்தே மூடினார். காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அது உடம்புக்குள் சிக்கினால் அவனுக்கு ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவிலிருந்த நீரோடு அவனை வாளியில் இறக்கினார். வீட்டுத் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை வாளிக்கு இறக்கி, அதன் நடுவே தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சை இறுக்கினால் சொட்டு நிற்கும், தளர்த்தினால் ஓடும். புது நீர் சொட்டுச் சொட்டாக வாளியில் கலந்து, பழைய நீரின் உப்பளவும் சூடும் மெதுவாக மாறி, கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும். அந்தப் பிற்பகல் முழுவதும் மருத்துவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தார். ஒரே ஒருமுறை விரல்கள் துள்ளின. முடிச்சு நழுவி, தண்ணீர் ஒரு மூச்சு நேரம் கம்பியாக ஓடிற்று. அவர் உடனே பிடித்து இறுக்கிவிட்டார். சமையலறையிலிருந்து வந்த மனைவி அதைப் பார்த்தார். தரையைத் துடைத்துவிட்டுப் போனார்.

பெரியவன் புதுத் தொட்டியில் இறங்கி, பாறையைச் சுற்றி வந்து, கண்ணாடியில் ஏறினான். அம்மையார் பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்துவந்து காட்டினார். மைத்துனரும் வந்து பார்த்து, "அத்தான், இனிமே இந்த வீட்ல ரெண்டு மாப்பிள்ளை. எனக்கு மரியாதை கொறஞ்சுடும்" என்றார். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அன்று அவர் தம் கைகளை மேசையின் மேல் வெளிப்படையாக வைத்துக்கொண்டு பேசினார்.

அந்த வாரமே ஒரு கையின் நுனி சுருண்டது. பிறகு அதே கையில் வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றி, பரவி, அழுகிய பழத்தைப் போல் மெத்தென்று ஆயிற்று. மருத்துவர் நீரின் உப்பளவைச் சோதித்தார், சரியாக இருந்தது. சூட்டைச் சோதித்தார், அதுவும் சரி. மீன்கள் இரண்டும் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. கை உதிர்ந்தது. அடுத்த கையும் சுருண்டது. பெரியவன் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள மாட்டாமல் மணலில் மல்லாந்து விழுந்தான்.

"அன்னிக்கு முடிச்சு நழுவிச்சு இல்ல, அதுதான்" என்றார் மருத்துவர்.

மனைவி மறுக்கவில்லை. கொடுமையால் அல்ல, அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். பெரியவன் போன பிறகு அவர் மெல்ல மெல்ல ஒவ்வொரு வேலையாகக் கணவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். முகச்சவரத்துக்கு முடிதிருத்துபவரை வீட்டுக்கு வரச் சொன்னார். பழம் நறுக்கும் கத்தியை எடுத்து உயரத்தில் வைத்தார். தேநீரைப் பாதித் தம்ளர் மட்டும் ஊற்றி, அதையும் தாமே கையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார். மருத்துவர் எதற்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை. கை எப்படி ஆடினாலும் கேட்கவே மாட்டேன் என்று அவர் முன்பு சொன்னது, இரண்டும் உயிரோடு வந்துசேரும் என்று எண்ணி.

பெரியவன் நோயில் கிடந்த நாள்களில் ஒருமுறை மைத்துனர் வந்திருந்தார். கீழே அலமாரியைத் திறந்து பார்த்தவருக்குத் தம் வால்வின்மேல் சுற்றிய வெள்ளை டேப்பின் ஓரத்தில் பச்சைக் களிம்பு கசிந்திருப்பது தெரிந்தது. மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல், மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரம்மாவிடம் யாரோ ஒரு வாடிக்கையாளரின் வீட்டில் நடந்ததுபோல் விசாரித்தார்.

"பித்தளையா? அதுல செம்பு இருக்குதுல்ல, உப்புத் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா கரையும். மீனு தாங்கும். நட்சத்திரம், நத்தை, இதெல்லாம் தாங்காது" என்றார் அந்த அம்மாள்.

"வால்வை மாத்திட்டா?"

"மாத்தலாம். ஆனா பாறையும் மணலும் செம்பைக் குடிச்சு வெச்சிருக்குமே. அது லேசுல போகாது. அந்த வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க, பாவம், இன்னொண்ணு வாங்கி விட்டுடப் போறாரு."

மைத்துனர் சொல்லவில்லை. அக்காவும் அத்தானும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வால்வை மட்டும் கழற்றி, பிளாஸ்டிக் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போனார். தினமும் சொல்ல வேண்டும் என்று எண்ணுவார். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிடுவார். அப்படியே நாள்கள் போயின.

கட்டடத்தின் சாவியைக் கொடுக்கவேண்டிய கடைசி நாளும் வந்தது. மருத்துவமனையில் நாற்காலி இல்லை, மேசை இல்லை, சுவரில் தொட்டி மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் சின்னவன் ஒரு மூலையில் ஒட்டியிருந்தான். மருத்துவர் மைத்துனரை அங்கே வரச் சொல்லியிருந்தார்.

"மாப்ள, நீதான் இவனைக் கொண்டுவரணும். எப்படிச் செய்யறதுன்னு நான் தள்ளி நின்னு சொல்றேன். உன் கை ஆடாது."

மைத்துனர் தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன யோசிக்கற? பயமா இருக்கா? ஒரு கதை சொல்றேன் கேளு" என்று மருத்துவர் வெறுந்தரையில் அமர்ந்தார். "ஒரு காட்டுல வயசான யானை. அதுக்குத் தும்பிக்கை ஆட ஆரம்பிச்சுது. ஒருநாள் அது ஒரு கிளையைத் தொட்டுச்சு. கிளை ஒடிஞ்சு, மேல இருந்த கூடு கீழ விழுந்துது. அன்னிலேருந்து அந்த யானை எந்த மரத்துக்கிட்டயும் போகல. வெயில்ல நின்னே மிச்சக் காலத்த ஓட்டுச்சு."

"அவ்ளோதானா கதை?"

"அவ்ளோதான். இதுல யாருக்கும் பல்வலி கூட இல்ல."

மைத்துனர் தம் பையை அருகில் இழுத்துக்கொண்டார். "அந்தக் கிளைய அதுக்கு முன்னாடியே யாராவது பாதி அறுத்து வெச்சிருந்தா அத்தான்?"

"கதைல அப்படி யாரும் வரல மாப்ள."

"வந்தான்" என்றார் மைத்துனர்.

பையைத் திறந்து, களிம்பேறிய பித்தளை வால்வை எடுத்துத் தரையில் வைத்தார். விடுமுறை நாள், விரிசல்விட்ட பிளாஸ்டிக், டேப், கடைக்காரம்மா சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லும்போது ஒருமுறையும் அத்தானின் கைகளைப் பார்க்கவில்லை.

மருத்துவர் வால்வை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் விரல்களுக்குள் அது ஆடிற்று.

"பெரியவன் செத்ததுக்காக உன்னைக் கேக்கல" என்றார். "துருவுன்னு நெனச்சிருக்க. நானும் ஏன் எதுக்குன்னு சொல்லல. ஆனா, ஒவ்வொரு நாளும் அந்த முடிச்சையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் மாப்ள. நீ எதிர்லதான் உக்காந்திருந்த."

மைத்துனர் வால்வை வாங்கித் திரும்பப் பைக்குள் போட்டார்.

பிறகு சின்னவனைக் காட்டினார். "வீட்டுத் தொட்டில இவனை விட முடியாது. கடைக்காரம்மாகிட்ட இவனை அவங்க தொட்டில வெச்சுக்க முடியுமான்னும் கேட்டுட்டேன். அங்க மீனுக்கு நோய் வராம இருக்கச் செம்பு மருந்துதான் போடறாங்களாம். புதுசா ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வண்டில வெச்சிருக்கேன் அத்தான். இங்க இருக்கிற பாறை, மணல், எவ்ளோ தண்ணி தூக்க முடியுமோ அவ்ளோ தண்ணி, எல்லாத்தையும் கொண்டுபோயிடலாம்."

"பாறையக் கெளப்பினா அதுல இருக்கறது பாதி செத்துடும். பாதித் தண்ணி புதுசாத்தான் கலக்கணும். அதுல இவன் திங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. பிழைக்க மாட்டான்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"சுவரோட இடிபட விட முடியாதுல்ல."

சின்னவன் நெடுநாள் வாழப்போவதில்லை என்பது இருவருக்கும் அப்போதே தெரிந்திருந்தது. அது அப்படியே ஆயிற்று: கைகள் அழுகாமல், புள்ளி விழாமல், பசியால் மெலிந்து, ஒருநாள் பாறையின் மேல் அசையாமல் இருந்தான். ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு மைத்துனர் வாளி வாளியாகத் தண்ணீரைச் சுமந்து வண்டியில் ஏற்றினார். ஈரத்துணி சுற்றிய பாறைகளைக் குழந்தைகளைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போனார். டப்பாவை மட்டும் தாம் தொடவில்லை. மருத்துவரே அதை நீருக்குள் பிடித்துக்கொண்டு, சின்னவன் மனம் மாறி உள்ளே வரும்வரை நின்றார்.

வீட்டில் கூடத்தின் நடுவே புதிய பிளாஸ்டிக் தொட்டியையும் வாளியையும், மருத்துவரின் கையிலிருந்த டப்பாவையும் பார்த்ததும் அம்மையாரின் முகம் மாறியது.

"மறுபடியுமா? இவர் கையில எதுக்குடா அதைக் குடுத்திருக்க? போன தடவை பட்டது போதாதா?"

மைத்துனர் அக்காவின் எதிரில் போய் நின்றார். "அக்கா, போன தடவை அத்தான் கையால ஒண்ணும் ஆகல. நான் அந்தத் தொட்டில பித்தளை வால்வு பூட்டினேன். பூட்டக் கூடாதுன்னு அவர் சொல்லியிருந்தார். அதுலேருந்து கரைஞ்ச செம்புதான் பெரியவனைக் கொன்னுது. அது தெரிஞ்சும் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

அம்மையார் தம்பியை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"நான் அவர் கையிலேருந்து தம்ளரைப் புடுங்கினப்போ நீ பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தியேடா."

"ஆமாக்கா."

"தொண்டைல எப்படி எறங்கிச்சு?"

"எறங்கல."

 அம்மையார் உள்ளே போய், கதவுக்கு அப்பால் நெடுநேரம் நின்றார். அவருக்குத் தம்பியின்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் தம்மீதும் இருந்தது என்பதை அந்தக் கூடத்தில் இருந்த இருவரும் அறிவார்கள்.

மைத்துனர் கொண்டுவந்த பாறைகளையும் தண்ணீரையும் புது உப்புநீரோடு தொட்டியில் நிரப்பினார். மருத்துவர் சின்னவனை வாளியில் விட்டதும், தொட்டியிலிருந்து அதற்குக் குழாயை இறக்கினார். நடுவில் முடிச்சைப் போட்டு, குழாயை அத்தானிடம் நீட்டினார்.

"நீயே புடி மாப்ள. என்ன இருந்தாலும் உன் கை ஆடாது."

"உங்க கை ஆடட்டும் அத்தான். நான் வாளியப் பாத்துக்கறேன். வேகமா விழுந்தா சொல்றேன்."

மருத்துவர் தரையில் அமர்ந்து குழாயை வாங்கிக்கொண்டார். விரல்கள் நடுங்கின, முடிச்சும் அவற்றோடு நடுங்கியது. மைத்துனர் எதிரே சம்மணமிட்டு, வாளியை இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, விழும் சொட்டுகளையே பார்த்திருந்தார். சொட்டு விரையும்போது "கொஞ்சம்" என்பார், மருத்துவர் இறுக்குவார். நின்றுபோனால் "விடுங்க" என்பார், மருத்துவர் தளர்த்துவார். இரண்டு முறை நீர் கம்பியாக ஓடிற்று. இரண்டு முறையும் மைத்துனரின் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த கையை அவர் திரும்ப வாளியின் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டார். வெயில் சாய்ந்து வாளி நிறையும்வரை ஒருதரமும் முடிச்சைத் தொடவில்லை.